54 கடல் மைல்: மூழ்கும் தோணியை நோக்கி ஓடிய இரவு

சில வருடங்களுக்கு முன், டிசம்பர் கடைசி வாரம். இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு குஜராத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். 225 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல். நான் செகண்ட் ஆபீசர், அதனால் ராத்திரி 12 முதல் 4 வரை பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேல்தள அறையில்) என் வாட்ச். என்னோடு நின்ற ஏ.பி. (தேர்ந்த மாலுமி) தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா முப்பது வருடம் தோணியில், அதாவது மரச் சரக்குக் கலத்தில், ஓடியவர்.

இலங்கையின் தெற்கு முனையைத் தாண்டி வடமேற்காகத் திரும்பியிருந்தோம். வாடைக்காற்று 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அலை இரண்டரை, மூன்று மீட்டர். எங்கள் கப்பலுக்கு அது ஒன்றுமே இல்லை. மரக்கலத்துக்கு அது வேறு கடல்.

1:20 மணிக்கு இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி அலறியது. இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்திலிருந்து செய்தி. 406 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஈப்பிர்ப் சிக்னல் வந்திருக்கிறது, இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகை, அருகில் உள்ள கப்பல்கள் உதவிக்குப் போகவும். ஈப்பிர்ப் என்பது ஆபத்தில் இயக்கும் சின்னப் பெட்டி. அதன் சிக்னல் செயற்கைக்கோளைத் தொட்டு, பெங்களூருவில் உள்ள மையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். இடத்தைக் குறித்துப் பார்த்தேன். 54 கடல் மைல், அதாவது சுமார் நூறு கிலோமீட்டர்.

கேப்டனை எழுப்பினேன். செருப்புகூடப் போடாமல் வந்தார். செய்தியைப் படித்தார், "திருப்பு" என்றார். அதற்குப் பிறகுதான் என்ன, ஏது என்று கேட்க ஆரம்பித்தார். கம்பெனிக்கு அவர் போன் போட்டது கப்பல் திரும்பிய பிறகு. அதுவும் அனுமதி கேட்க இல்லை, தகவல் சொல்ல. கடலில் ஆபத்து என்று தெரிந்தால் முடிந்த வேகத்தில் போய் உதவ வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள கடமை. முதலாளியோ, கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ கேப்டனின் அந்த முடிவில் குறுக்கிட முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிகள். அன்றைக்குத்தான் அவற்றின் எடை எனக்குத் தெரிந்தது.

சீப் இன்ஜினியர் கீழே ஓடினார். இவ்வளவு பெரிய கப்பலின் இன்ஜின் கார் மாதிரி கிடையாது. எரிபொருள் மிச்சத்துக்காக 11 நாட்டில் போய்க்கொண்டிருந்ததை 13க்கு மேல் கொண்டுவர முக்கால் மணி நேரம் பிடித்தது. அவசரப்பட்டு ஏற்றினால் இன்ஜினே படுத்துவிடும், அப்புறம் நடுக்கடலில் உதவி தேவைப்படுகிறவர்கள் இரண்டு கூட்டம் ஆகிவிடுவார்கள். கணக்குப் போட்டால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

அந்த நாலு மணி நேரத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மீட்கப் போகிற கப்பல் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். வேகத்தை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். போய்ச் சேரும்வரை கப்பலில் உள்ள மற்ற இருபது பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எங்கள் கையில் இருப்பது.

1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக்கை நோக்கி ஓடிய கார்பேத்தியா என்ற பயணிகள் கப்பலின் கதையைப் பின்னாளில் ஊன்றிப் படித்தேன். அதன் கேப்டன் ரோஸ்ட்ரனுக்குக் கிடைத்த தூரம் 58 கடல் மைல், எங்களுடையதைவிட நாலுதான் அதிகம். அவரும் கப்பலைத் திருப்பச் சொல்லிவிட்டுத்தான் ரேடியோ ஆபரேட்டரிடம் "நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார். பயணிகள் அறைகளுக்குப் போகிற சூட்டையும் வெந்நீரையும் நிறுத்தி, நீராவி முழுவதையும் இன்ஜினுக்குத் திருப்பினார். அதைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் வியப்பது மற்ற உத்தரவுகளை. கப்பலில் இருந்த மூன்று டாக்டர்களுக்கும் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூடம். பக்கவாட்டுக் கதவுகளையெல்லாம் முன்கூட்டியே திறந்து வைப்பது. ஏற முடியாதவர்களுக்கு நாற்காலியில் கயிறு கட்டித் தூக்குவது, குழந்தைகளுக்குக் கேன்வாஸ் பை. கம்பளி, சூப், காபி. அவர் போய்ச் சேரும்போது டைட்டானிக் மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 700க்கும் அதிகமானவர்கள் பிழைத்தார்கள் என்றால், படகுகளில் இருந்தவர்களை அலைச்சல் இல்லாமல் ஏற்றிக்கொள்ள அந்தக் கப்பல் தயாராக இருந்ததும் ஒரு காரணம்.

எங்கள் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன். போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வலை ஏணியை எடுக்கப் போனார். பக்கவாட்டில் தொங்கவிட்டு, நீரில் இருப்பவர்கள் பிடித்து ஏறுவதற்கான பெரிய கயிற்று வலை அது. அது கிடைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஸ்டோரில் பெயின்ட் டிரம்களுக்குப் பின்னால், மடித்த மடிப்பில் கயிறுகள் இறுகிப் போய்க் கிடந்தது. கடலில் விழுந்தவர்களை மீட்க ஒவ்வொரு கப்பலுக்கும் தனித் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. எங்களிடமும் ஃபைல் இருந்தது. வலை எங்கே இருக்கிறது என்று அந்த ஃபைலில் எழுதியிருந்த இடம் வேறு, வலை இருந்த இடம் வேறு. போகிற வழியில் நாலு மணி நேரம் இருந்ததால் பிழைத்தோம். நாற்பது நிமிடத் தூரமாக இருந்திருந்தால்?

குக் பெரிய பாத்திரத்தில் கஞ்சி வைத்தார். ஆஸ்பத்திரி அறையில் இரண்டு படுக்கைதான், அதனால் மெஸ் அறையின் மேசைகளை ஓரமாகத் தள்ளி மெத்தை விரித்தார்கள். உயிர்மிதவை வளையங்கள் ஆறில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் வைத்தோம். கயிறு வீசும் ராக்கெட்டுகளை போசன் மேலே கொண்டுவந்தார். அவற்றால் 230 மீட்டருக்குக் குறையாமல் கயிற்றை வீச முடியும். அன்றைக்கு வேலையை முடித்துக் கொடுத்தது அதுதான்.

கரையில் வேறு ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருந்தது. ஈப்பிர்ப் பெட்டியைப் பதிவு செய்தபோது கொடுத்த போன் நம்பர் பழையது, யாரும் எடுக்கவில்லை. காவல்படைக்காரர்கள் எங்கெங்கோ விசாரித்து முதலாளியைப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது வரைக்கும் அந்தச் சிக்னல் நிஜமா, யாராவது தவறுதலாக அமுக்கியதா, கப்பலா படகா, எத்தனை பேர் என்று ஒன்றும் தெரியாது. இரண்டே முக்கால் மணிக்கு அடுத்த செய்தி வந்தது. தூத்துக்குடித் தோணி, மாலத்தீவுக்குப் போவது, வெங்காயமும் சிமெண்டும் ஏற்றியது, ஒன்பது பேர்.

ஏ.பி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், தமிழ்ல கூப்பிடுங்க" என்றார்.

அது வரைக்கும் வி.எச்.எஃப். ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான பதினாறாம் சேனலில் கால் மணிக்கு ஒரு தடவை இங்கிலீஷில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பதில் இல்லை. கையடக்க வி.எச்.எஃப். என்றால் அந்தத் தூரத்துக்கு எட்டவே எட்டாது என்பது தெரியும். தமிழில் கூப்பிடத் தொடங்கியபோது ஏ.பி. இன்னொன்று சொன்னார். அவர்களுடைய செட்டில் பேட்டரி குறைவாக இருக்கும். பேச நிறையச் சக்தி வேண்டும், கேட்கக் கொஞ்சம் போதும். அதனால் பேசச் சொல்லாதீர்கள் என்றார். நானும் இப்படித்தான் சொன்னேன்: "தோணியில இருக்கிறவங்க கேட்டீங்கன்னா பதில் பேச வேண்டாம். பேட்டரியை மிச்சம் பண்ணுங்க. பட்டனை மட்டும் ரெண்டு தடவை அமுக்கி விடுங்க. பெரிய கப்பல் ஒண்ணு உங்களை நோக்கி வந்துட்டு இருக்கு. அஞ்சே முக்காலுக்கு வந்துருவோம்."

வந்துசேரும் நேரத்தைச் சொன்னது சரியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். "சீக்கிரம் வந்துடுவோம்" என்று சொல்லியிருக்கலாம். நீரில் காத்திருக்கிற ஆளுக்குச் சீக்கிரம் என்பது ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் மனசு உடையும். நேரத்தைச் சொன்னால் அதற்கேற்ப உடம்பையும் மனசையும் வைத்துக்கொள்வார்கள். கையில் கடிகாரம் கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததாகப் பின்னால் தோணியின் தண்டல் (தோணியின் கேப்டன்) சொன்னார்.

4:35க்கு 'டக், டக்' என்று இரண்டு சத்தம். வேறெதுவும் இல்லை. பிரிட்ஜில் இருந்த யாரும் கைதட்டவில்லை, கத்தவில்லை. கேப்டன் ஜன்னல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

சிக்னல் வந்த இடத்துக்கு நேராகப் போகாமல், அவர்கள் நகர்ந்து போயிருக்கும் இடத்தைக் கணித்து அங்கே போக வேண்டும். செய்தியில் உள்ள இடத்தைவிட அந்த இடம் எத்தனை மணிக்கு எடுத்தது என்பது முக்கியம். மார்கழியில் குமரிக்குத் தெற்கே நீரோட்டம் மேற்கே இழுக்கும், காற்று தென்மேற்கே தள்ளும். "நீவாடு மேக்கதான் போவும் சார்" என்று ஏ.பி.யும் சொன்னார். புதிய இடம் வரும்போதெல்லாம் கணக்கை மாற்றி மாற்றிப் போட்டோம். ரேடாரை நம்பியிருந்தால் தவறவிட்டிருப்போம், பாதி மூழ்கிய மரத்தோணி அதில் தெரியவே இல்லை. முன்னால் இரண்டு பேர், பிரிட்ஜின் இரு சிறகுகளிலும் (பக்கவாட்டு மேடைகளிலும்) ஆளுக்கொருவர் என்று வெறுங்கண்ணால் பார்க்க ஆள் நிறுத்தியிருந்தோம். 5:05க்கு வலது பக்கம் நின்றவர்தான் சிவப்பு வாணத்தைப் பார்த்தார். டைட்டானிக் அனுப்பிய இடமும் உண்மையான இடத்திலிருந்து சுமார் 13 மைல் தள்ளித்தான் இருந்தது. படகு ஒன்றிலிருந்து கொளுத்திய பச்சை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கார்பேத்தியா போய்ச் சேர்ந்தது.

இனிச் சொல்வது எங்கள் தவறு. மறைக்க விரும்பவில்லை.

நிலக்கரி நிரம்பிய கப்பல் முழு வேகத்திலிருந்து நிற்க இரண்டு மைலாவது வேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய நேரம் எனக்குத் தெரியும், கேப்டனுக்கும் தெரியும். நாலு மணி நேரமாக வேகம், வேகம் என்றே இருந்துவிட்டு, வாணத்தைப் பார்த்த பிறகு குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பத்து நிமிடம் தாமதித்தோம். விளைவு, அவர்களைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் கப்பல் இன்னும் 6 நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தோணியின் முன்பக்கம் மட்டும் நீருக்கு மேலே. அதில் ஒட்டிக்கொண்டு மனிதர்கள். சர்ச்லைட் வெளிச்சத்தில் அவர்கள் கையை ஆட்டியது தெரிந்தது. நாங்கள் முன்னூறு மீட்டர் தள்ளி அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம்.

சுற்றித் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம். நான் இன்ஜின் உத்தரவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன், வேறெதுவும் தோன்றவில்லை. ஏ.பி.தான் வி.எச்.எஃப்.பை எடுத்து, "அண்ணே, போகல, போகல! கப்பல் பெருசு, சுத்தித்தான் வரணும். திரும்பி வாறோம், கயித்த விடாதிய!" என்று திரும்பத் திரும்பக் கத்தினார். நாங்கள் விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைத்து இரண்டு பேர் கட்டை அவிழ்த்துக் கப்பலின் பின்னால் நீந்தத் தயாரானதாகவும், அந்தக் குரலைக் கேட்டுத்தான் நின்றதாகவும் தண்டல் பின்னால் சொன்னார். பின்னால் நீந்தி வந்திருந்தால் எங்கள் புரொபெல்லர் இருந்தது.

இதை வாசிக்கிற இளம் ஆபீசர்கள் யாராவது இருந்தால், இரண்டு விஷயம் சொல்வேன். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தை, ஓட ஆரம்பிக்கும்போதே சார்ட்டில் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் உங்கள் மனசு அதற்குச் சம்மதிக்காது, கோடு இருந்தால் கட்டுப்படும். இரண்டாவது, கப்பல் என்ன செய்யப் போகிறது என்பதைச் செய்வதற்கு முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். அதற்கென்று ஓர் ஆளை ஒதுக்குங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தபோதே தோணி போய்விட்டது. விடிந்தும் விடியாத வெளிச்சம். நான் பைனாகுலரை எடுத்துப் பார்க்கையில் கறுப்பாகத் தெரிந்த முனை, அடுத்த அலைக்குப் பிறகு இல்லை. ஆனால் அதன் ஆட்கள் மிதந்தார்கள். காலியான டீசல் கேன்களை வடக்கயிற்றில் கோத்து ஒரு வளையமாகக் கட்டி, ஒவ்வொருவரும் இடுப்பை அதில் பிணைத்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இருந்தும் இதைச் செய்ய வைத்தவர் தண்டல். கட்டாமல் இருந்திருந்தால் அந்த அலையில் கால் மணி நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். தனித்தனித் தலைகளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று மதியம் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது தடவை கேப்டன் காற்று வரும் பக்கமாகப் போய், கப்பலைக் குறுக்கே நிறுத்தினார். கப்பலின் மறைவில் காற்றும் அலையும் கொஞ்சம் அடங்கும். ஆனால் காற்று கப்பலை அவர்கள் மேல் தள்ளிக்கொண்டு வரும், அதற்குள் வேலை முடிய வேண்டும். மீட்புப் படகை இறக்கலாமா என்று சீப் ஆபீசர் கேட்டார். இந்த அலையில் இறக்கினால் நம் ஆட்களையும் தேட வேண்டி வரும் என்று கேப்டன் மறுத்துவிட்டார். போசன் ராக்கெட்டை வீசினார். முதல் கயிறு தலைக்கு மேலே போய்விட்டது, இரண்டாவது வளையத்தின் மேலேயே விழுந்தது. அதில் தடிமனான கயிற்றைக் கட்டி அனுப்பி, மொத்தமாக இழுத்தோம்.

ஏணியருகே வந்ததும் வயதில் சின்னவன் ஒருவன் பாய்ந்தான். அலை பள்ளத்தில் இருந்த நேரம். ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்தான். அடுத்த அலை மேலே வந்து அவனைக் கப்பல் தகட்டில் மோதியது. கை முறிந்தது. அலை உச்சிக்கு வரும்போது பிடித்து, உடனே இரண்டு படி ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏ.பி. மேலே நின்று ஒவ்வொருவருக்கும் "இப்ப!" என்று கத்தினார்.

கடைசிக்கு முந்தியவர் தோணியின் சமையல்காரர். அறுபதுக்கு மேல் இருக்கும். ஏற முடியவில்லை, அக்குளில் கயிறு போட்டு நேராகத் தூக்கினோம். டெக்குக்கு வந்ததும் பேச்சில்லாமல் சரிந்துவிட்டார். நீரில் இருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் கால்களைச் சுற்றி அமுக்கி ரத்தத்தை மேலே வைத்திருக்கும். செங்குத்தாகத் தூக்கினால் அந்த அழுத்தம் சட்டென்று போய், ரத்தம் கால்களுக்கு இறங்கி, இதயத்துக்கே போதாமல் போகும். படுத்த நிலையில் தூக்க வேண்டும், முடியாவிட்டால் முழங்காலுக்கடியில் இன்னொரு கயிறாவது கொடுத்து உட்கார்ந்த வாக்கில் தூக்க வேண்டும். கீழே படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தோம். பத்து நிமிடத்தில் கண் திறந்தார். "எழுந்து நட, சரியாயிடும்" என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை இழந்திருப்போம். கடலிலிருந்து வந்த யாரையும் நடக்கவிடக் கூடாது.

7:10க்கு எட்டுப் பேர் மேலே இருந்தார்கள். தண்டல் கடைசியாக ஏறினார். ஏறியதும் எண்ணினார், பெயர் சொல்லிச் சொல்லி. ஒன்பதாவது பெயரையும் சொன்னார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி வாக்கில் தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு பையன் கேபினுக்குள் போயிருக்கிறான், போனையும் பாஸ்போர்ட்டையும் எடுக்க. "வேண்டாம்ல, வேண்டாம்லன்னு சொன்னேன்" என்றார் தண்டல். அவன் உள்ளே இருந்தபோது பெரிய அலை ஒன்று அடித்தது. கேபின் முழுவதும் நீர். யாரும் அவன் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

பார்க்கவில்லை என்பதால் தேடினோம். விரிந்துகொண்டே போகும் சதுரமாகத் தேடுவது முறை. கணித்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் கோட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். காவல்படையின் டார்னியர் விமானம் வந்து மேலே சுற்றியது. வெங்காய மூட்டைகள் மிதந்தன. ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து தலை மாதிரியே தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் அருகில் போய்ப் பார்த்தோம். தண்டல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரிட்ஜ் சிறகில் நின்றார், கீழே போகச் சொன்னால் கேட்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் காவல்படைக் கப்பல் வந்து எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டது, தேடலையும் தாங்கள் தொடர்வதாகச் சொல்லி எங்களை விடுவித்தது. அந்தப் பையன் கிடைக்கவில்லை.

கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் இதைப் படித்தால், தயவுசெய்து இதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். போன், பாஸ்போர்ட், பணம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு, கிளம்பும்போதே லைஃப் ஜாக்கெட்டோடு கட்டி வைக்கச் சொல்லுங்கள். சாய்ந்த கலத்துக்குள் திரும்பிப் போக ஒரு காரணமும் இருக்கக் கூடாது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற நம்பர் வீட்டிலும் இருக்கட்டும், ஆள் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். மீன்பிடிப் படகு என்றால் இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறையில் நம் செய்தி கரைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் படகுக்கு வரும். இருட்டில் தனியாகக் கிடக்கிற ஆளுக்கு அந்தப் பதில் என்ன செய்யும் என்பதை அந்த 'டக், டக்'கின் மறுமுனையில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் இப்போது எந்தக் கப்பலில் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் போசனோடு போய் அந்த வலையை வெளியே எடுத்துப் போடச் சொல்கிறேன். முழுவதும் விரித்துப் பார்ப்போம், எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுவோம், கைக்கு எட்டும் இடத்தில் வைப்போம். வெயிலில் அரை நாள் வேலை, பையன்கள் முணுமுணுப்பார்கள். அவர்களிடம் இந்த இரவைச் சொல்வேன்.

எட்டு மாதம் கழித்து, விடுமுறையில் மதுரையில் இருந்தபோது தண்டல் போன் செய்தார். ஏ.பி.யிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். வேறொரு தோணியில் போகப் போவதாகச் சொன்னார். நலம் விசாரித்து முடிந்ததும், "தம்பி, அந்தப் பெட்டியப் பதிவு பண்றதுக்கு என்னென்ன வேணும்? முதலாளி நம்பர் மட்டும் போதுமா, எங்க வீட்டு நம்பரும் குடுக்கலாமா?" என்று கேட்டார். இரண்டையும் கொடுங்கள், நம்பர் மாறினால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள் என்றேன். பேனா தேடினார். பக்கத்தில் இருந்த யாரையோ எழுதச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டது.